பாட்டுப் பட்டியல் யாருடைய சொத்து?

பிழைப்புக்காக ஊரைவிட்டு வந்தவன் கையோடு கொண்டுவரும் சாமான்களில் எடையே இல்லாதது பாட்டு ஒன்றுதான். மும்பையில் தாராவி, மாட்டுங்கா, செம்பூர், முலுண்ட் என்று தமிழர் வசிக்கும் இடங்களில் எல்லாம் மாலை வேளையில் தமிழ்ப் பாட்டு காதில் விழும். ஒரு காலத்தில் அது வானொலியிலும் கேசட்டிலும் ஒலித்தது. இன்று கைபேசியில் ஒலிக்கிறது. ஆயிரக்கணக்கான பாட்டுகளிலிருந்து தனக்கு வேண்டியவற்றை மட்டும் பொறுக்கி, இதற்குப் பின் இது என்று வரிசைப்படுத்தி வைத்துக்கொள்வதைத்தான் 'பிளேலிஸ்ட்' என்கிறார்கள். நாம் பாட்டுப் பட்டியல் என்று சொல்வோம்.

இந்தப் பட்டியல் யாருடைய சொத்து? தயாரித்தவனுடையதா, அல்லது எந்தச் செயலியில் தயாரித்தானோ அந்தக் கம்பெனியுடையதா? இந்தக் கேள்வியை நம்மில் பலர் கேட்டதே இல்லை. கேட்க வேண்டிய காலம் வந்துவிட்டது.

ரெக்கார்டிங் சென்டர் சீட்டு

1980-களில் தமிழ்நாட்டின் சிற்றூர்களில்கூட 'ரெக்கார்டிங் சென்டர்' என்ற பலகை தொங்கிக்கொண்டிருந்தது. வேண்டிய பாட்டுகளை ஒரு தாளில் எழுதி, காலி கேசட்டையும் சேர்த்துக் கொடுத்தால், கடைக்காரர் இசைத்தட்டிலிருந்து பதிவு செய்து தருவார். 60 நிமிடக் கேசட் என்றால் பக்கத்துக்கு 30 நிமிடம். சுமார் 13 பாட்டுகள் பிடிக்கும். அந்தப் பதின்மூன்றில் எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்று நம் தந்தையர் நாள்கணக்கில் யோசித்து எழுதியதை வீட்டில் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

அந்தச் சீட்டு எழுதியவனுக்கே சொந்தம். ஒரு கடை மூடிவிட்டால் அதே சீட்டை அடுத்த தெருக் கடையில் கொடுக்கலாம். கூலி அதிகம் கேட்டால் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வந்துவிடலாம். "என் கடை மேஜையில் வைத்து எழுதிய சீட்டு இது, வெளியே கொண்டுபோகக் கூடாது" என்று எந்தக் கடைக்காரரும் தடுத்ததில்லை.

இன்றைய செயலிக் கம்பெனிகள் பல, வாயால் சொல்லாவிட்டாலும், செயலால் சொல்வது அதைத்தான்.

மூடிய கடைகள்

கூகுள் பிளே மியூசிக் என்ற சேவை 2020-ஆம் ஆண்டின் முடிவில் நின்றது. ரெஸ்ஸோ என்ற செயலி 2024 ஜனவரி 31-ஆம் தேதியோடு இந்தியாவில் நிறுத்தப்பட்டது. அதே 2024-இல் ஏர்டெல் நிறுவனம் தன் விங்க் மியூசிக் செயலியை மூடப்போவதாக அறிவித்தது. இவற்றில் கூகுள், தன்னுடைய இன்னொரு சேவையான யூடியூப் மியூசிக்குக்குப் பட்டியல்களை மாற்றிக்கொள்ளச் சில மாத அவகாசம் கொடுத்தது. அந்த அவகாசத்தில் மாற்றாதவர்களின் பட்டியல்கள் 2021-இல் அழிந்தன.

வியாபாரம் கட்டுப்படியாகவில்லை என்றால் கடையை மூடுவது முதலாளியின் உரிமை. அதில் நமக்கு வழக்கில்லை. பாட்டுக்கு உரிமை அவர்களிடமும் இசைக் கம்பெனிகளிடமும் இருக்கிறது. அதிலும் வழக்கில்லை. நாம் உட்கார்ந்து சேர்த்த வரிசையும் கடையோடு சேர்ந்து மூடப்படுவதுதான் வழக்கு.

சார்ட் வேறு, பயணி வேறு

இந்த விஷயம் புரிய, பட்டியல் என்பது என்ன என்று முதலில் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். ரயில்வே ரிசர்வேஷன் சார்ட்டை எல்லோரும் பார்த்திருப்பார்கள். அதில் பெயர் இருக்கும், பெட்டி எண் இருக்கும், பெர்த் எண் இருக்கும். பயணி இருக்க மாட்டார். அதேபோலப் பாட்டுப் பட்டியலில் பாட்டு இல்லை. பாட்டு எங்கே இருக்கிறது என்ற விலாசம்தான் இருக்கிறது. எனவே 200 பாட்டுகளின் பட்டியல் சில கிலோபைட் அளவில் அடங்கிவிடும். ஒரே ஒரு பாட்டு மட்டும் சில மெகாபைட் பிடிக்கும்.

விலாசத்தை எப்படி எழுதுவது என்பதில் பல முறைகள் உண்டு. அவற்றில் பழையதும் எளியதும் 'எம்3யூ' என்ற வடிவம். எம்.பி.3 முறையை உருவாக்கியதில் முக்கியப் பங்கு வகித்த ஜெர்மனியின் ஃபிரான்ஹோஃபர் நிறுவனம் 1995-இல் வெளியிட்ட வின்பிளே3 என்ற பிளேயரோடு இது பிறந்தது. 1997-இல் வந்த வின்ஆம்ப் பிளேயர் இதை உலகெங்கும் பரப்பியது. இதில் வித்தை எதுவும் இல்லை. வரிக்கு ஒரு பாட்டின் விலாசம், அவ்வளவுதான். ஹாஷ் குறியோடு தொடங்கும் வரிகளில் பாட்டு எத்தனை வினாடி, பாடியவர் யார், பாட்டின் பெயர் என்ன என்று எழுதிக்கொள்ளலாம். நோட்பேடில் திறந்தால் யாரும் படிக்கலாம், திருத்தலாம். ரெக்கார்டிங் சென்டர் சீட்டுக்கு மிக நெருங்கிய உறவு இதுதான்.

'பி.எல்.எஸ்.' என்பது இன்னொன்று. முதல் கோப்பு, முதல் தலைப்பு, இரண்டாம் கோப்பு, இரண்டாம் தலைப்பு என்று எண்ணிட்டு, மொத்தம் எத்தனை என்றும் எழுதும் முறை. விண்டோஸ் மீடியா பிளேயருக்கு 'டபிள்யூ.பி.எல்.' என்ற தனி வடிவம். ஃபூபார்2000 என்ற பிளேயருக்கு 'எஃப்.பி.எல்.' என்ற சொந்த வடிவம். 'எக்ஸ்.எஸ்.பி.எஃப்.' என்பது எல்லோரும் பகிர்ந்துகொள்ளட்டும் என்றே தன்னார்வலர்கள் ஏற்படுத்திய பொது வடிவம். வி.எல்.சி. பிளேயர் இதையும் எம்3யூவையும் படிக்கும், எழுதும். ஆப்பிளின் ஐடியூன்ஸும் பட்டியலை எம்3யூவாகவும் சாதாரண எழுத்துக் கோப்பாகவும் வெளியே எடுக்க வழி வைத்திருந்தது.

ஆக, கம்ப்யூட்டர் காலத்தில் வடிவங்கள் பலவாக இருந்தாலும் ஒன்றிலிருந்து ஒன்றுக்கு மாற வழி இருந்தது. பெரும்பாலான பிளேயர்களுக்கு எம்3யூ தெரிந்திருந்தது.

'கோப்பு கிடைக்கவில்லை'

அப்படியானால் பென்டிரைவில் கொண்டுபோன பட்டியல் மைக்செட்காரர் லேப்டாப்பில் ஏன் ஓடுவதில்லை? வீட்டில் ஓடியது, அம்மன் கோயில் கொடையன்று மட்டும் 'கோப்பு கிடைக்கவில்லை' என்கிறதே, ஏன்?

முதல் காரணம் முழு விலாசம். பல பிளேயர்கள் பட்டியலை எழுதும்போது, 'டி டிரைவ், அதில் பாட்டு ஃபோல்டர், அதில் பக்தி, அதில் முதல் பாட்டு' என்று தலையிலிருந்து கால் வரை எழுதிவிடுகின்றன. மைக்செட்காரர் லேப்டாப்பில் அதே பென்டிரைவ் 'எஃப் டிரைவ்' ஆகிவிடும். வீடு மாறவில்லை, தெருவின் பெயர் மாறிவிட்டது. தபால் திரும்பி வருகிறது.

கைபேசியில் இது இன்னும் மோசம். மெமரி கார்டு ஒவ்வொன்றுக்கும் நான்கு நான்காக எட்டு இடங்கள் கொண்ட அடையாளம் ஒன்று உண்டு. ஆண்ட்ராய்டு அந்த அடையாளத்தையே விலாசத்தில் சேர்த்துக்கொள்கிறது. பழைய கார்டில் இருந்ததை எல்லாம் அப்படியே புதிய கார்டுக்கு நகல் எடுத்தாலும் அடையாளம் வேறு. அதனால் முழு விலாசம் எழுதிய பட்டியல் செல்லாது. 'நான் இருக்கும் ஃபோல்டரிலிருந்து பக்தி ஃபோல்டர், அதில் முதல் பாட்டு' என்று சார்பு விலாசமாக எழுதியிருந்தால் கார்டு மாறினாலும் டிரைவ் மாறினாலும் கவலையில்லை.

இரண்டாவது காரணம் சாய்கோடு. விண்டோஸ் ஃபோல்டர் பெயர்களைப் பிரிக்கப் பின்பக்கம் சாய்ந்த கோட்டைப் போடும். ஆண்ட்ராய்டும் லினக்ஸும் முன்பக்கம் சாய்ந்த கோட்டையே ஏற்கும். ஒரு கோடு எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பதற்காக 200 பாட்டுகள் ஊமையாகிவிடுகின்றன.

மூன்றாவது, பட்டியலையே படிக்காத கருவிகள். மலிவான யு.எஸ்.பி. ஒலிபெருக்கிகளும் பல கார் ஸ்டீரியோக்களும் பட்டியல் கோப்பைத் திரும்பிப் பார்ப்பதில்லை. ஃபோல்டரில் இருக்கும் வரிசையிலோ, நகல் எடுத்த வரிசையிலோ பாடிக்கொண்டு போகும்.

தமிழுக்கு வந்த தனிச் சங்கடம்

மேலே சொன்னவை எந்த மொழிக்காரருக்கும் வருபவை. தமிழில் பெயர் வைப்பவர்களுக்கு மேலும் சில தொல்லைகள் உண்டு. இவற்றை யாரும் எடுத்துச் சொல்வதில்லை.

பழைய எம்3யூ கோப்பு, விண்டோஸில் அந்தந்த மொழிக்கு இருந்த 256 இடங்கள் கொண்ட எழுத்துப் பட்டியலைக் கொண்டு எழுதப்பட்டது. ஆங்கிலத்துக்கும் ஐரோப்பிய மொழிகளுக்கும் ரஷ்ய மொழிக்கும் அரபிக்கும் அப்படிப்பட்ட எழுத்துப் பட்டியலை விண்டோஸ் வைத்திருந்தது. தமிழுக்கு வைக்கவில்லை. யூனிகோடு மூலமாக மட்டுமே விண்டோஸில் தமிழ் நுழைந்தது. எனவே தமிழ்ப் பெயருள்ள பாட்டைப் பழைய முறை எம்3யூவில் சேமித்தால், ஒவ்வொரு எழுத்தும் கேள்விக்குறியாக மாறிவிடும். வேடிக்கை என்னவென்றால், விண்டோஸில் கோப்பின் பெயரில் கேள்விக்குறி வரவே கூடாது என்பது விதி. ஆகவே அந்த விலாசத்தில் ஒரு பாட்டு எந்தக் காலத்திலும் இருக்க முடியாது.

இதற்கு மருந்தாக வந்ததுதான் 'எம்3யூ8'. வடிவம் அதேதான். ஆனால் எழுத்துகள் யூ.டி.எஃப்-8 என்ற யூனிகோடு முறையில் இருக்கும். கடைசியில் உள்ள 8 அதைக் குறிக்கிறது. தமிழ்ப் பெயர் வைப்பவர்களுக்கு இதைவிட்டால் வேறு கதி இல்லை. ஒரு எச்சரிக்கை: இதே பெயரை 2009 முதல் ஆப்பிள் நிறுவனம் இணைய ஒளிபரப்புக்கும் பயன்படுத்துகிறது. 2017-இல் அதற்கு விதிமுறை ஆவணமும் வெளிவந்தது. அதனால் எம்3யூ8 என்று இணையத்தில் தேடினால் டெலிவிஷன் சானல் இணைப்புகளே கொட்டும். நாம் பேசுவது அதுவல்ல.

இன்னொரு தொல்லை கண்ணுக்கே தெரியாது. 'பொ' என்று எழுதும்போது ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் வைக்கலாம், ஒற்றைக் கொம்பு தனி, கால் தனி என்று இரண்டாகவும் வைக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். இரண்டும் சமம் என்றே யூனிகோடு விதி சொல்கிறது. ஆனால் அந்த விதியைப் பார்க்காமல், குறியீடுகளை அப்படியே ஒப்பிடும் பிளேயருக்கு இரண்டும் வேறு வேறு. பாட்டின் பெயர் ஒரு கருவியில் ஒரு வகையாகவும், பட்டியலில் மற்றொரு வகையாகவும் எழுதப்பட்டிருந்தால் பாட்டு எதிரே இருந்தும் இல்லை என்று சொல்லிவிடும். பார்ப்பவருக்கு ஒரு காரணமும் தெரியாது. 'தமிழில் பெயர் வைத்தால் ஓடாது, இங்கிலீஷில் வை' என்று பக்கத்தில் இருப்பவர் உபதேசம் செய்வார். அதில் குற்றம் தமிழுடையது அல்ல. பிளேயர் தயாரித்தவருடையது.

நீளமும் ஒரு கணக்கு. ஆண்ட்ராய்டின் உள்நினைவகத்தில் கோப்பின் பெயர் 255 பைட்டைத் தாண்டக் கூடாது. ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட். தமிழில் ஒவ்வொரு குறியீட்டுக்கும் மூன்று பைட். அதாவது 85 குறியீடுகளோடு எல்லை முடிந்தது. 'கா' என்பதே இரண்டு குறியீடுகள். படத்தின் பெயர், பாடியவர், இசையமைத்தவர், எழுதியவர் என்று எல்லாவற்றையும் கோப்பின் பெயரிலேயே எழுதிவைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

பூட்டிய பெட்டி

இவ்வளவு குறை இருந்தும் எம்3யூ நம் கையில் இருக்கும் சீட்டு. குறையைக் கண்டுபிடிக்கலாம், நோட்பேடில் திறந்து திருத்தலாம். இணையம் வழியாகப் பாட்டுத் தரும் செயலிகளில் அந்த வழியே இல்லை.

அங்கே பட்டியலில் இருப்பது பாட்டின் விலாசம்கூட அல்ல. அந்தக் கம்பெனி தன் சரக்குக்குக் கொடுத்துக்கொண்ட உள் எண். ஒரு கம்பெனியின் எண் மற்றொரு கம்பெனிக்குப் புரியாது. இறக்கி வைத்துக்கொண்ட பாட்டும் அந்தச் செயலிக்குள்தான் திறக்கும். கர்ஜத்துக்கும் லோனாவாலாவுக்கும் இடையே மலைக்குகைகளில் சிக்னல் போகும்போது உதவுமே என்று இறக்கி வைக்கிறோம். உதவுகிறது, உண்மை. ஆனால் ஸ்பாட்டிஃபையில் இறக்கிய பாட்டு தொடர்ந்து ஓட, 30 நாளுக்கு ஒருமுறையாவது இணையத்தில் சேர வேண்டும். சந்தா நின்றால் இறக்கியதும் நின்றது. வாடகைப் பாட்டு அப்படித்தான் என்றால் ஒப்புக்கொள்வோம். பட்டியல் வாடகைக்கு எடுத்தது அல்லவே!

சில கம்பெனிகள், கேட்டால் நம் தகவல்களை மூட்டையாகக் கட்டி அனுப்புகின்றன. ஸ்பாட்டிஃபை அனுப்பும் மூட்டையில் பட்டியல்களும் உண்டு. யூடியூப் மியூசிக் பட்டியலை கூகுளின் 'டேக்அவுட்' வழியாக எடுத்தால் வீடியோக்களின் அடையாள எண்கள் வருகின்றன, பாட்டின் பெயர் வருவதில்லை. நாளை அந்த வீடியோ நீக்கப்பட்டால் அந்த எண்ணை வைத்துக்கொண்டு என்ன பாட்டு என்று யாரிடம் கேட்பது? இந்த மூட்டைகளை மற்றொரு பிளேயரில் அப்படியே ஏற்ற முடிவதும் இல்லை.

ஒரு செயலியிலிருந்து மற்றொன்றுக்குப் பட்டியலை மாற்றித்தரும் இடைத்தரகர் சேவைகள் இருக்கின்றன. அவை பெரும்பாலும் பெயரைப் பார்த்துத் தேடிப் பொருத்துகின்றன. தமிழ்ப் பாட்டுக்கு இது அபாயம். இளையராஜாவின் பெயரையே ஆங்கிலத்தில் ஒரு 'ஏ' போட்டும் எழுதுகிறார்கள், இரண்டு 'ஏ' போட்டும் எழுதுகிறார்கள். 1992-இல் வந்த 'ரோஜா' படத்தின் பாட்டுகள் தமிழிலும் உண்டு, இந்தியிலும் உண்டு. படம் ஒன்று, இசையமைப்பாளர் ஒருவர், மெட்டு ஒன்று. தமிழ் வரிசை கேட்டவனுக்கு இந்தி வரிசை கிடைத்தால் ஆச்சரியமில்லை.

இதற்கும் தீர்வு ஏற்கனவே இருக்கிறது. 'ஐ.எஸ்.ஆர்.சி.' என்ற சர்வதேசக் குறியீடு ஒவ்வொரு ஒலிப்பதிவுக்கும் 12 இடங்கள் கொண்ட தனி அடையாளம் தருகிறது. தமிழ்ப் பதிவுக்கு ஒன்று, இந்திப் பதிவுக்கு வேறு ஒன்று. இசைக் கம்பெனிகள் தங்களுக்குள் பணம் பிரித்துக்கொள்ள இந்த எண்ணைத்தான் பார்க்கின்றன. தங்கள் கணக்குக்குப் பயன்படும் எண்ணை நம் பட்டியலிலும் ஒரு வரியாகச் சேர்த்துக் கொடுத்தால் என்ன குறைந்துவிடும்?

அற்ப விஷயமா?

அரிசி விலையும் அறை வாடகையும் ஏறிக்கொண்டிருக்கும்போது பாட்டுப் பட்டியல் ஒரு பிரச்சனையா என்று சில நண்பர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. பட்டியல் போனால் யாரும் பட்டினி கிடக்கப் போவதில்லை.

ஆனால் பட்டறையில் பத்து மணி நேரம், லோக்கல் ரயிலில் இரண்டு மணி நேரம் என்று நாள் போகிற தொழிலாளிக்கு, இந்த நகரத்தில் அவன் இஷ்டப்படி அமைந்தது எது? வேலை நேரம் முதலாளி வைத்தது. அறை வீட்டுக்காரர் கொடுத்தது. அவனே யோசித்து அமைத்த வரிசை அந்தப் பட்டியல் ஒன்றுதான். அதில் ஊர்த் திருவிழாப் பாட்டு இருக்கும், கல்யாணத்தன்று கேட்ட பாட்டு இருக்கும், தாலாட்டு இருக்கும்.

இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். வீட்டுப் பெரியவர் காலமானால் அவருடைய கைபேசி பிள்ளைகள் கைக்கு வருகிறது. அவர் கேட்ட பாட்டுகள் உலகத்தில் எங்கும் கிடைக்கும். ஆயிரம் பாட்டில் எந்த நாற்பதை அவர் பொறுக்கினார், எதை முதலில் வைத்தார் என்பது வேறெங்கும் கிடைக்காது. சந்தா கட்டாததால் கணக்கு முடங்கினாலோ, கம்பெனி மூடினாலோ அது போனதுதான். எம்.ஜி.ஆர். பாட்டு எழுதிய அப்பாவின் பழைய கேசட் அட்டையைப் பத்திரமாக வைத்திருக்கும் குடும்பங்கள் எத்தனையோ உண்டு. நம் பிள்ளைகளுக்கு அந்த அட்டைகூட மிஞ்சாது.

நம்பர் மாறாமல் கம்பெனி மாறலாம், பட்டியல் மாறலாகாதா?

கைபேசிக் கம்பெனியை மாற்றினால் நம்பரும் மாறிவிடும் என்றிருந்த காலம் நினைவிருக்கும். ஊரில் உள்ளவர்களுக்கும் மேஸ்திரிக்கும் புது நம்பர் சொல்லி முடிப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். அதனாலேயே பலர் சேவை சரியில்லாத கம்பெனியிலேயே கிடந்தார்கள். 2011 ஜனவரி 20 முதல் நாடு முழுவதும் நம்பரை வைத்துக்கொண்டே கம்பெனியை மாற்றும் உரிமை வந்தது. 1900-க்கு ஒரு எஸ்.எம்.எஸ். அனுப்பினால் வேலை தொடங்கிவிடுகிறது. கம்பெனிகள் மனமிரங்கிக் கொடுத்த சலுகை அல்ல அது. ஒழுங்குமுறை ஆணையம் விதி செய்ததால் கிடைத்தது.

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2018-இல் நடைமுறைக்கு வந்த தகவல் பாதுகாப்பு விதியின் 20-ஆம் பிரிவு, ஒருவர் கொடுத்த தகவலை, மற்றக் கருவிகளும் படிக்கக்கூடிய பொதுவான வடிவில் திரும்பப் பெறவும் மற்றொரு நிறுவனத்துக்கு மாற்றவும் உரிமை தருகிறது. நம் நாட்டில் 2019-இல் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்ட மசோதாவிலும் இப்படி ஒரு உரிமை இருந்தது. அந்த மசோதா 2022-இல் திரும்பப் பெறப்பட்டது. 2023-இல் நிறைவேறிய சட்டத்தில் அந்த உரிமை இடம்பெறவில்லை. தகவலைப் பார்க்கலாம், திருத்தலாம், அழிக்கச் சொல்லலாம். தனக்குப் பின் அந்த உரிமைகளைப் பயன்படுத்த ஒருவரை நியமிக்கவும் செய்யலாம். எடுத்துக்கொண்டு போக மட்டும் வழியில்லை. வாரிசு வரைக்கும் யோசித்த சட்டம், மூட்டை கட்டிக்கொண்டு போகும் உரிமையை விட்டுவிட்டது. இது பாட்டுக்கு மட்டுமான குறை அல்ல. நாளை கணக்குப் புத்தகம், புகைப்படம், வேலைச் சான்று எல்லாவற்றுக்கும் இதே கதைதான்.

என்ன கேட்க வேண்டும்

ஒவ்வொரு பாட்டுச் செயலியும் பட்டியலை எம்3யூ8 போன்ற சாதாரண எழுத்துக் கோப்பாக இலவசமாக வெளியே எடுக்க வழி வைக்க வேண்டும். அதில் பாட்டு, படம், பாடியவர் பெயரோடு ஐ.எஸ்.ஆர்.சி. எண்ணும் இருக்க வேண்டும். அதேபோன்ற கோப்பை உள்ளே ஏற்கவும் வேண்டும். ஒரு சேவையை மூடுவதானால் குறைந்தது 90 நாள் முன்னறிவிப்புக் கொடுத்து, ஒவ்வொருவருடைய பட்டியலையும் அவரவர் மின்னஞ்சலுக்கு அனுப்பிவிட்டே மூட வேண்டும். உரிமை காலாவதியாகி ஒரு பாட்டு போய்விட்டால், அந்த இடத்தில் பாட்டின் பெயராவது நிற்க வேண்டும். சத்தமில்லாமல் வரியையே எடுத்துவிடக் கூடாது. பிளேயர் தயாரிப்பவர்கள் சார்பு விலாசம் எழுத வேண்டும். தமிழ் எழுத்துகளை யூனிகோடு விதிப்படி சமப்படுத்தி ஒப்பிட வேண்டும். இதில் எதற்கும் புதிய கண்டுபிடிப்பு தேவையில்லை.

நாமே செய்ய வேண்டியது

விதி வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. முறையாக வாங்கிய பாட்டுகள் கையில் இருப்பவர்கள் எல்லாவற்றையும் ஒரே ஃபோல்டருக்குள், அதற்குள் சிறு ஃபோல்டர்களாக வைத்துக்கொள்ளட்டும். பட்டியல் கோப்பும் அந்தப் பெரிய ஃபோல்டரிலேயே இருக்கட்டும். சேமிக்கும்போது எம்3யூ8 என்பதையும், சார்பு விலாசம் என்ற விருப்பம் இருந்தால் அதையும் தேர்ந்தெடுக்க வேண்டும். பிறகு நோட்பேடில் ஒருமுறை திறந்து பார்த்தால் போதும். தமிழ் தமிழாகத் தெரிகிறதா, டிரைவின் பெயர் வராமல் இருக்கிறதா என்று தெரிந்துவிடும். பெயர்களைச் சுருக்கமாக வைத்து, பட்டியல் செய்தபின் மாற்றாமல் இருப்பது நல்லது. விசேஷத்துக்கு மைக்செட்காரரிடம் கொடுப்பதானால், வரிசைப்படி 01, 02 என்று பெயருக்கு முன்னால் எண் போட்டு, தனி ஃபோல்டரில் அந்த வரிசையிலேயே நகல் எடுத்துக் கொடுக்கலாம். அப்போது பட்டியலே படிக்காத கருவியும் வரிசை தவறாது.

இணையச் செயலியில் கேட்பவர்கள் வருடத்துக்கு ஒருமுறை தம் தகவல் மூட்டையைக் கேட்டு வாங்கி வைக்கட்டும். அது சிரமம் என்றால் பட்டியலை ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதினாலும் சரிதான். பாட்டின் முதல் அடி, படம், பாடியவர் என்று மூன்று பத்தி போதும். எந்தச் செயலி மூடினாலும் அடுத்த செயலியில் அதைப் பார்த்துச் சேர்த்துக்கொள்ளலாம். தமிழ்ச் சங்கங்களும் தொழிற்சங்கக் கிளைகளும் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒதுக்கி, கம்ப்யூட்டர் தெரிந்த இளைஞர்களைக் கொண்டு உறுப்பினர்களுக்கு இதைச் செய்து கொடுத்தால் பெரிய உதவியாக இருக்கும். ஓய்வுபெற்ற பெரியவர்கள்தான் இதில் அதிகம் தவிக்கிறார்கள்.

பாட்டை யார் விற்றாலும் விற்கட்டும், காசு கொடுத்துக் கேட்போம். வரிசை நாம் போட்டது. அதை நாம் கேட்கும் நாளில், நாம் படிக்கும் எழுத்தில் திருப்பித் தர வேண்டும் என்று செயலிக் கம்பெனிகளை அரசு கட்டாயப்படுத்த வேண்டும். இதற்காக நம் தொகுதி எம்.பி.க்களுக்கு ஒரு கடிதம் எழுத அரை மணி நேரம் போதும். சங்கங்களின் பெயரில் எழுதினால் இன்னும் நல்லது.